துறைக்கென்று ஒரு சின்னச் சமூக வலையமைப்பு: பழைய கணினியில் எல்க் நிறுவிய அனுபவம்

எங்கள் பல்கலைக்கழகத் துறையில் ஒவ்வொரு பட்ச்சுக்கும், அதாவது ஒரே வருடத்தில் சேர்ந்த மாணவர் அணிக்கும், ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ஒன்று என்று சொல்வது பேச்சுக்குத்தான். விரிவுரையாளர் இருக்கும் குழு, அவர் இல்லாத குழு, செய்முறை வகுப்புக் குழு, பெண் பிள்ளைகள் மட்டும் இருக்கும் குழு என்று அது கிளை விட்டுக்கொண்டே போகும். பல்கலைக்கழகத்தின் இணையக் கற்றல் தளமான மூடிலும் இருக்கிறது. அங்கே விரிவுரைக் குறிப்பு ஏறும், அசைன்மென்ட் போய்ச் சேரும், அதோடு சரி. பாடத்தைப் பற்றிய கதையெல்லாம் நடப்பது வாட்ஸ்அப்பில்.

வாட்ஸ்அப்பில் வசதி இல்லாமல் இல்லை. ஆனால் மூன்றாம் கிழமையில் யாரோ போட்ட பழைய வினாத்தாளைப் பரீட்சைக்கு முதல் நாள் தேடிப் பாருங்கள். பிறந்தநாள் வாழ்த்துகளுக்கும் ‘நன்றி மச்சான்’களுக்கும் அடியில் எங்கேயோ கிடக்கும். குழுவில் சேர்ந்தால் தொலைபேசி இலக்கம் எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பது இன்னொன்று. பெண் பிள்ளைகள் பலர் அதனாலேயே பெரிய குழுக்களில் சேரத் தயங்குகிறார்கள். முதலாம் வருடத்தின் குழுவுக்குள் சீனியர்கள் புகுந்துகொண்டால் பகிடிவதைக்கு அதுவே வாசல். இலங்கையின் 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைக் குற்றமாக்கி இருக்கிறது. ஆனால் இரவு பதினொரு மணிக்கு ஒரு குழுவுக்குள் என்ன நடக்கிறது என்று சட்டம் எட்டிப் பார்க்காது.

இதற்கு மேல் எங்கள் நாட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும், 2022 ஏப்ரல் தொடக்கத்தில் போராட்டங்களின்போதும் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டன. குழு நின்றால் வகுப்பும் நின்றது என்பது அப்போதுதான் பலருக்கு உறைத்தது.

ஆகவே துறைக்குள்ளேயே, எங்கள் கையில் இருக்கும் ஒரு சமூக வலையமைப்பை நிறுவிப் பார்ப்போம் என்று முடிவாயிற்று. நான் விரிவுரையாளர் அல்ல, கணினிக்கூடத்தில் தொழில்நுட்ப உத்தியோகத்தர். நிறுவியது, பழுது பார்த்தது, பிள்ளைகள் அதை எப்படிப் பாவித்தார்கள் என்று பக்கத்தில் இருந்து பார்த்தது ஆகியவற்றை எழுதி வைக்கிறேன். வேறு துறையில் யாராவது தொடங்கினால் உதவும்.

எந்த மென்பொருள் என்பதில் அதிகம் மினக்கெடவில்லை. பேஸ்புக்கின் மூடிய குழு வேண்டாம் என்பதில் எல்லோரும் ஒரே பக்கம். இணையத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சேவைகளும் வேண்டாம் என்றேன். நிங் என்ற சேவையை நம்பி உலகெங்கும் ஆசிரியர்கள் வகுப்புக்கு வகுப்பு வலையமைப்பு வைத்திருந்தார்கள். 2010 இல் அது இலவச வலையமைப்புகளை நிறுத்தியபோது பலர் மூட்டை கட்ட வேண்டி வந்தது. ட்விட்டர் போன்ற மஸ்டடோன் அருமையான பொருள், ஆனால் அது திறந்து விடுவதற்கென்றே கட்டப்பட்டது. சூலிப் தலைப்புத் தலைப்பாக உரையாடலைப் பிரித்து வைப்பதில் மிக நன்று. கைத்தொலைபேசிச் செயலியும் உண்டு. ஆயினும் அது அடிப்படையில் அரட்டைக் கருவி. சமூக வலையமைப்பு மென்பொருளான ஹம்ஹப் கடைசிவரை போட்டியில் நின்றது.

சொந்தக் கணினியில் இலவசமாக நிறுவக்கூடிய இன்னொரு சமூக வலையமைப்பு மென்பொருளான எல்க்கைத் தேர்ந்ததற்குக் காரணம் ஒன்றேதான்: அங்கே எழுதும் ஒவ்வொன்றுக்கும், அது கேள்வியோ கோப்போ படமோ, யார் யார் பார்க்கலாம் என்பதை எழுதியவரே தனித்தனியாகத் தீர்மானிக்கலாம். 2004 இல் எடின்பரோவில் இருந்த பென் வேர்ட்முல்லரும் டேவ் டொஷும் அதைத் தொடங்கியபோதே கற்பவரை நடுவில் வைத்துத்தான் யோசித்தார்கள். 2006 இல் இங்கிலாந்தின் பிரைட்டன் பல்கலைக்கழகம் தன் மாணவர்கள், ஊழியர்கள் எல்லோருக்குமாக எல்க்கில் ஒரு வலையமைப்பைத் திறந்தது. கனடாவில் தொலைக்கல்வி நடத்தும் அதபாஸ்கா பல்கலைக்கழகமும் ‘லேண்டிங்’ என்ற பெயரில் ஒன்றை வைத்திருந்தது. புதுக் கருவி இல்லை, அழகும் போதாது, கைத்தொலைபேசிக்கெனச் செயலியும் கிடையாது. தெரிந்துகொண்டுதான் எடுத்தோம்.

கணினிக்கூடத்தில் இருந்து கழித்து வைத்த மேசைக் கணினி ஒன்று, 8 ஜிபி நினைவகம், புதிதாக வாங்கியது திண்மநிலை வட்டு (எஸ்எஸ்டி) மட்டும். உபுண்டு, அப்பாச்சி, பிஎச்பி, மைஎஸ்கியூஎல் என்று இணையத்தளம் ஓட்டுவதற்கான வழக்கமான மென்பொருள் அடுக்கு. எல்க்கின் தரவு அடைவை (கோப்புகள் இருக்கும் ஃபோல்டரை) இணையத்துக்குத் திறந்திருக்கும் அடைவுக்கு வெளியே வைக்க வேண்டும். உள்ளே வைத்தால் பிள்ளைகள் ஏற்றும் கோப்பை முகவரி தெரிந்த எவரும் நேரே இறக்கிக்கொள்ளலாம், பார்வை அனுமதி எல்லாம் வெறும் அலங்காரம் ஆகிவிடும். உள்நுழைந்தவர்கள் தவிர வேறு யாருக்கும் எந்தப் பக்கமும் தெரியாதபடி பூட்டும் அமைப்பு எல்க்கிலேயே இருக்கிறது, அதைப் போட்டாயிற்று. இணைப்பை மறைகுறியாக்கத் தேவையான லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ் காசில்லாமல் கிடைக்கிறது; காலாவதியாகுமுன் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும்படி வைக்கலாம்.

வழங்கியை (சேர்வரை) பல்கலைக்கழக முகவரியின் கீழேயே வைப்பதா, வெளியே வாடகைக்கு எடுப்பதா என்று ஒரு வாக்குவாதம். 2020 கொரோனா முடக்கத்தில் இலங்கைப் பல்கலைக்கழகங்களை இணைக்கும் லேர்ண் வலையமைப்பின் ஊடாகப் பல்கலைக்கழக வழங்கிகளுக்கு டேட்டா கட்டணமில்லாமல் போக வழி செய்திருந்தார்கள். மன்னாரிலும் மலையகத்திலும் வீட்டில் இருந்தபடி ரீலோட் போடக் காசில்லாத பிள்ளைகள் அதனால்தான் மூடிலைப் பார்த்தார்கள். இன்னொரு முறை அப்படி ஒரு காலம் வந்தால் உள்ளே இருக்கும் வழங்கிக்கு அந்த வாய்ப்பு உண்டு, வெளியே இருப்பதற்கு இல்லை. உள்ளேயே வைத்தோம்.

தொடங்கியதும் முதலில் வந்த தொல்லை படங்கள். பிள்ளைகள் கையால் எழுதிய கணக்கைப் படம் பிடித்துத்தான் கேள்வி கேட்பார்கள். பிஎச்பி இயல்பாக 2 எம்பிக்கு மேற்பட்ட கோப்பை ஏற்காது. இப்போதைய கைத்தொலைபேசிப் படங்கள் பல அதற்குள் நிற்பதில்லை. எல்லையை உயர்த்தினால் சரி என்று தோன்றும். ஆனால் 48 மெகாபிக்சலில் முழு அளவாக எடுத்த படத்தைச் சிறிதாக்குவதற்கு வழங்கி முதலில் அதை விரிக்க வேண்டும். புள்ளிக்கு 4 பைட் வீதம் 192 எம்பி நினைவகம். நாலைந்து பேர் ஒரே நேரத்தில் ஏற்றினால் கிழட்டு இயந்திரத்துக்கு மூச்சு வாங்கும். அதனால் படத்தை அனுப்புமுன் அவர்களின் கைத்தொலைபேசியிலேயே நீண்ட பக்கம் 1600 புள்ளிக்குள் வரும்படி சுருக்கும் சின்ன ஜாவாஸ்கிரிப்ட் ஒன்றை எழுதிச் சேர்த்தேன். அவர்களுக்கும் டேட்டா மிச்சம். கொப்பியில் எழுதிய எழுத்து அந்த அளவில் வடிவாக வாசிக்க வருகிறது.

அடுத்தது தமிழ். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் வெளிநாட்டுக் கையேடுகளில் இது இருக்காது.

பாமினி எழுத்துரு எங்கள் ஊரில் இன்னும் உயிரோடு இருக்கிறது. பழைய குறிப்புகள், வினாத்தாள்கள், தட்டச்சுக் கடையில் அடித்த அசைன்மென்ட்கள் எல்லாம் அதில்தான். அதை வேர்ட் கோப்பில் இருந்து பிரதி எடுத்து ஒட்டினால் திரையில் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும், ஏனென்றால் உள்ளே இருப்பது ஆங்கிலக் குறியீடு, மேலே போர்த்தியிருப்பது மட்டும் தமிழ் உருவம். தானாகக் கண்டுபிடித்து மாற்றலாமா என்று பார்த்தேன். ஆங்கிலத்தில் எழுதிய வாக்கியத்தையும் பாமினி என்று நினைத்துத் தமிழாக்கிவிடும் ஆபத்து இருந்தது. எங்கள் பிள்ளைகள் உயர்தரத்தைத் தமிழில் படித்துவிட்டு இங்கே ஆங்கிலத்தில் படிப்பவர்கள். ஒரே பந்தியில் இரண்டும் கலந்து வரும். ஆகவே எழுதும் பெட்டிக்குப் பக்கத்தில் ‘பாமினியை யூனிகோட் ஆக்கு’ என்று ஒரு பொத்தான். தெரிவு செய்த பகுதியை மட்டும் மாற்றும். மாற்றும் அட்டவணை இணையத்தில் பல இடங்களில் கிடைக்கிறது.

தலைப்புக் குறிச்சொற்கள் இன்னொரு விதமாக உடைந்தன. ‘தொடர்பு’ என்று குறிச்சொல் போட்டால் ‘த’ மட்டும் இணைப்பாக மாறி மிச்சம் வெளியே நின்றது. குறிச்சொல்லுக்கென எல்க்கில் சேர்த்த நீட்சியை (பிளகின்) எழுதியவர் எழுத்துகளையும் எண்களையும் மட்டும் ஏற்கும்படி விதி எழுதியிருந்தார். யூனிகோட் கணக்கில் நம் கொம்பு, கால், விசிறி, புள்ளி எதுவும் எழுத்து அல்ல, எழுத்தோடு ஒட்டும் குறி. விதியில் குறிகள் என்ற வகையையும் சேர்த்ததும் சரியாகியது. ஒரு வரித் திருத்தம்தான். ஆனால் சிங்களம், இந்தி, தமிழ் என்று உயிர்க்குறி உள்ள எந்த மொழியும் இந்தப் பள்ளத்தில் விழும் என்பதால் நீட்சி வாங்கும்போது முதலில் இதைச் சோதியுங்கள்.

தேடல் அதைவிட நுட்பமானது. ‘கொ’ என்பதில் வரும் ‘ொ’வை யூனிகோட்டில் ஒரே குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலுமாக இரண்டாகவும் வைக்கலாம். கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது, கணினிக்குத் தெரியும். ‘ஸ்ரீ’க்கும் அப்படி இரண்டு விதம் உண்டு, பெயரில் ஸ்ரீ உள்ள பிள்ளையைத் தேடினால் வராது. இவை போதாதென்று ‘ௌ’ போட வேண்டிய இடத்தில் ஒற்றைக்கொம்பையும் ‘ள’வையும் தட்டுபவர்கள் பாதிப் பேர். சேமிக்கும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவரும் வழமைப்படுத்தல் பிஎச்பியில் இருக்கிறது. அது முதலாவதைத் தீர்க்கும். ஸ்ரீக்கு நானே ஒரு மாற்று எழுதினேன். ‘ௌ’வை விட்டுவிட்டேன், அது தட்டுபவர்களின் பழக்கம்.

தரவுத்தளத்தின் எழுத்துத் தொகுதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். மைஎஸ்கியூஎல்லின் பழைய ‘யூடிஎஃப்8’ வகை ஒரு குறிக்கு 3 பைட் வரைதான் கொடுக்கும். தமிழுக்கு அது போதும், அதனால் சோதனையில் எந்தக் குறையும் தெரியாது. யாராவது 4 பைட் தேவைப்படும் இமோஜி ஒன்றைப் போட்டால் அந்த இடத்தில் வெட்டுப்படும், அல்லது சேமிக்கவே மறுக்கும். நான்கு பைட் வகையைத் தொடக்கத்திலேயே தெரிவு செய்துவிடுங்கள். குறுஞ்செய்தி அறிவிப்பையும் யோசித்தோம். ஆங்கிலத்தில் ஒரு குறுஞ்செய்திக்கு 160 எழுத்து, தமிழ் கலந்தால் 70 குறிதான். கட்டுப்படி ஆகாது என்று விட்டோம். இப்போது நடப்பது வேறு ஒரு சமரசம்: புதுக் கேள்விகளின் தலைப்புப் பட்டியலை மட்டும் பட்ச் பிரதிநிதி ஒருவர் இரவில் பழைய வாட்ஸ்அப் குழுவில் போடுகிறார். வாட்ஸ்அப்பை ஒழிக்கப் புறப்பட்டவர்கள் அதையே மணியாகப் பாவிப்பதில் எனக்கு வெட்கம் எதுவும் இல்லை.

சரி, இனி முக்கியமான விடயம்.

தொடங்கிய புதிதில் கணினிக்கூடத்தில் மூன்றாம் வருடப் பிள்ளை ஒருத்தியிடம் பாவித்துப் பார்க்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் அங்கும் இங்கும் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: “அண்ணா, இதில நான் கேட்டா சேருக்கும் தெரியும்தானே?” தெரியும் என்றேன். “அப்ப நான் கேக்க மாட்டன்.” அதை அவள் முறைப்பாடாகச் சொல்லவில்லை, மழை பெய்தால் வெளியே போக மாட்டேன் என்பது போலச் சொன்னாள்.

தனிப்பட்ட வலையமைப்பு என்றதும் நாங்கள் எல்லோரும் வெளி ஆட்களைத் தடுப்பதைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகளுக்கு வெளி ஆட்களைப் பற்றிக் கவலையே இல்லை. கொழும்பில் இருக்கும் யாரோ தன் கேள்வியை வாசிப்பான் என்று எவரும் பயப்படுவதில்லை. பயமெல்லாம் உள்ளே இருப்பவர்களைப் பற்றியது: புள்ளி போடும் விரிவுரையாளர், கேலி செய்யும் வகுப்புத் தோழன், நாளைக்கு வழிமறிக்கும் சீனியர். அரைகுறையாக விளங்கிய ஒன்றைக் கேட்பதற்கு அரைகுறையாக விளங்கியவர்கள் நாலு பேர்தான் சரியான துணை.

இது புதிய விடயமும் இல்லை. பரீட்சைக்கு முன் மாணவர்களே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் குப்பி எத்தனையோ காலமாக நடக்கிறது. கலட்டியிலும் கொக்குவிலிலும் அறை எடுத்து இருக்கும் பெடியள் இரவிரவாக ஒரு வெள்ளைப் பலகையைச் சுற்றி இருந்து படிப்பார்கள். அங்கே எந்தக் கேள்வியும் மடக்கேள்வி அல்ல. பல்கலைக்கழகம் நடத்தும் எந்த இணைய வசதியிலும் அந்தத் துணிச்சல் வராததற்குக் காரணம் தொழில்நுட்பம் இல்லை, பார்வையாளர்கள்.

எனவே அமைப்பைத் திருப்பிப் போட்டேன். ‘எல்லோருக்கும்’ என்ற தெரிவையே எடுத்துவிட்டேன். மிஞ்சியவை: எனக்கு மட்டும், என் குப்பி வட்டம், என் பட்ச், என் பட்ச்சும் பாட விரிவுரையாளரும், துறை முழுவதும். குப்பி வட்டத்தை மாணவரே அமைப்பார். எல்க்கில் நண்பர்களைத் தொகுதி தொகுதியாகப் பிரித்து வைக்கும் வசதி அதற்கு அப்படியே பொருந்தியது. பட்ச் குழுக்கள் மூடிய குழுக்கள். விரிவுரையாளர் அழைக்கப்பட்டால் மட்டுமே வரலாம், சீனியர் வரவே முடியாது. எதையும் தெரிவு செய்யாமல் எழுதினால் அது குப்பி வட்டத்துக்குள் நிற்கும். முதலில் இயல்புநிலை பட்ச் என்றுதான் இருந்தது. அதைச் சுருக்கியதும்தான் எழுத்து கூடியது.

அதன் பிறகு நான் எதிர்பாராத ஒரு பழக்கம் உண்டாயிற்று. ஒரு கேள்வி நாலைந்து பேருக்குள் பிறக்கும். கையெழுத்துப் படம், பதில், அதற்கு மறுப்பு, கடைசியில் ஒரு தெளிவு. அப்புறம் கேட்டவரே திரும்பி வந்து பார்வை அனுமதியைப் பட்ச் முழுவதற்கும் அகட்டிவிடுவார், தலைப்பையும் கொஞ்சம் ஒழுங்காக்கிவிட்டு. விளங்காதபோது கேட்டதை விளங்கிய பிறகு காட்டுவதில் கூச்சம் இல்லை. சில கேள்விகள் அங்கிருந்து விரிவுரையாளர் வரைக்கும் போயிருக்கின்றன. அவர் அதை அடுத்த விரிவுரையில் எடுத்துப் பேசியும் இருக்கிறார்.

இங்கே ஒரு சிக்கல் ஒளிந்திருந்தது. எல்க்கில் மறுமொழிகளின் அனுமதி தாய்ப்பதிவின் அனுமதியைப் பின்பற்றும். கேள்வியை அகட்டினால் அதன் கீழே நாலு பேருக்கென்று எழுதிய மறுமொழிகளும் சேர்ந்து அகலும். ‘டேய், சேர் சொன்னதே பிழை’ என்று ஒருவன் நண்பனுக்கு எழுதியது துறை முழுவதும் தெரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். மென்பொருளின் நடத்தையை மாற்றினால் பாதி உரையாடல் மட்டும் தெரியும், அது இன்னும் குழப்பம். அதனால் அனுமதியை அகட்டும்போது இடையில் ஒரு பக்கம் வரச் செய்தேன்: மறுமொழி எழுதியவர்களின் பெயர்ப் பட்டியல், ஒவ்வொருவருக்கும் அறிவிப்பு, தன் மறுமொழியைத் திருத்தவோ அழிக்கவோ ஒரு நாள் அவகாசம். யாரும் தடுக்காவிட்டால் அடுத்த நாள் அகலும். இந்த வேலை முழுவதிலும் நான் எழுதியவற்றில் மிக நீளமான நிரல் இதுதான், மிகவும் பயனுள்ளதும் இதுதான் என்று நினைக்கிறேன்.

பெயரில்லாமல் கேட்கும் வசதி வேண்டும் என்று சிலர் கேட்டார்கள். மறுத்தோம். பெயரில்லாத இடம் கூச்சப்படுபவனுக்கு உதவுவதை விடப் பகிடிவதை செய்பவனுக்கு அதிகம் உதவும் என்பது என் அபிப்பிராயம். தவிர, சிறிய பட்ச்சில் எழுதும் நடையை வைத்தே ஆளைப் பிடித்துவிடுவார்கள். எல்க்கோடு வரும் முறைப்பாட்டுப் பொத்தானை எல்லாப் பக்கத்திலும் வைத்திருக்கிறோம். அது எனக்கும் மாணவ ஆலோசகருக்கும் வரும்.

நிர்வாகி அனுமதிகளைத் தாண்டி எல்லாவற்றையும் பார்க்கலாம் என்பதைப் பிள்ளைகளிடம் மறைக்கவில்லை. உள்நுழையும் பக்கத்திலேயே எழுதி வைத்திருக்கிறேன்: தரவுத்தளம் மறைகுறியாக்கப்படவில்லை, தொழில்நுட்ப உத்தியோகத்தர் நினைத்தால் பார்க்க முடியும், முறைப்பாடு வந்தால் அந்தப் பதிவை மட்டும் பார்ப்பார். எங்கள் பகுதியில் பெயரோடு எழுதி வைப்பதில் பெற்றோருக்கே ஒரு தயக்கம் உண்டு. ஏன் என்று இங்குள்ளவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. அதனால் அடையாள அட்டை இலக்கம், வீட்டு முகவரி, தொலைபேசி எதுவும் கேட்பதில்லை. பதிவு இலக்கமும் பெயரும் மின்னஞ்சலும் போதும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் தேவைக்கு மேல் திரட்டாதே என்றுதான் சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் திரட்டாமல் இருப்பதே எனக்கு நிம்மதி. இல்லாத தரவு களவு போகாது.

விரிவுரையாளர்களில் ஒருவர் பங்குபற்றுவதற்குப் புள்ளி வைத்துப் பார்த்தார். மறுகிழமையே ‘மிக நல்ல கேள்வி’, ‘நானும் உடன்படுகிறேன்’ என்று வரிசையாக வந்து குவிந்தன. அவரே சிரித்துக்கொண்டு புள்ளியை எடுத்துவிட்டார். இணையக் குழுக்களில் நூற்றில் தொண்ணூறு பேர் வாசிப்பார்கள், ஒன்பது பேர் எப்போதாவது எழுதுவார்கள், ஒருவரே தொடர்ந்து எழுதுவார் என்று இணையப் பயன்பாட்டு ஆய்வாளர் யாக்கோப் நீல்சன் 2006 இல் ஒரு கணக்குச் சொன்னார். குப்பியிலும் மூலையில் பேசாமல் இருந்து கேட்பவர்கள்தானே அதிகம்? அவர்களும் சித்தியடைகிறார்கள்.

இனி ஒரு பழுது பற்றி. இது பலருக்கு வரக்கூடியது.

ஒரு திங்கட்கிழமை காலையில் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள்: எழுதியது காணவில்லை. சேமித்ததாகச் செய்தி வருகிறது, முகப்பில் வரவில்லை. கடவுச்சொல்லை மறந்தவர்களுக்கு மின்னஞ்சலும் போகவில்லை. இரண்டுக்கும் தொடர்பு இருக்கும் என்று முதலில் யாருக்கும் தோன்றாது. தரவுத்தளத்தில் பார்த்தால் பதிவுகள் பத்திரமாக இருந்தன, ஆனால் உருவாக்கிய திகதி மிகப் பழையது. முகப்புப் பக்கம் நேர வரிசைப்படி அடுக்குவதால் அவை எல்லாம் அடியோ அடி என்று கடைசிப் பக்கத்துக்குப் போய்விட்டன. வழங்கியின் கடிகாரம் பின்னால் போயிருந்தது. மின்னஞ்சல் நின்றதற்கும் அதுவே காரணம்: அனுப்பும் வழங்கியின் சான்றிதழைப் பார்த்த எங்கள் இயந்திரம் ‘இது இன்னும் செல்லுபடியாகும் காலம் வரவில்லை’ என்று இணைப்பையே துண்டித்துக்கொண்டிருந்தது.

வார இறுதியில் நீண்ட மின்வெட்டு. 2022 இன் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேர வெட்டைக் கண்ட எங்களுக்கு அது பெரிதல்ல, ஆனால் யூபிஎஸ் தீர்ந்து இயந்திரம் முழுதாக அணைந்துவிட்டது. தாய்ப்பலகையில் கடிகாரத்தை ஓட வைக்கும் நாணயம் அளவான சிஆர்2032 மின்கலம் செத்திருந்ததால் மின்சாரம் வந்தபோது நேரம் நினைவில் இல்லை. இணையத்தில் நேரம் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம்தான், ஆனால் பாதுகாப்புக்காக வெளி நேர வழங்கிகளுக்குப் போகும் பாதை மூடியிருக்கிறது.

திருத்தம்: புது மின்கலம், நகரத்தில் எந்தக் கைக்கடிகாரக் கடையிலும் கிடைக்கும். நேரத்தை வளாக வலையமைப்புக்கு உள்ளே இருக்கும் நேர வழங்கியிடம் கேட்கும்படி மாற்றினேன். கடிகாரம் சரியாகும் வரை தரவுத்தளம் எழும்பக் கூடாது என்று ஒரு நிபந்தனையும் வைத்தேன். யூபிஎஸ்ஸில் இருந்து யூஎஸ்பி வடம் ஒன்றைக் கொடுத்து, மின்கலம் இருபது சதவீதத்துக்குக் கீழே போனால் ஒழுங்காகத் தானே அணையும்படி செய்தேன். மின்சாரம் திரும்பினால் தானே எழும்பும் அமைப்பைத் தாய்ப்பலகையில் போட்டேன். அந்த அமைப்பும் செத்த மின்கலத்தோடு சேர்ந்து மறந்து போகக்கூடியது என்பதைக் கவனியுங்கள். பழைய கணினியை வழங்கியாக வைப்பவர்கள் முதல் நாளே மின்கலத்தை மாற்றிவிடுங்கள், விலை அற்பம். அடியில் போன பதிவுகளின் திகதியை அவற்றின் இலக்க வரிசையை வைத்துத் திருத்தினேன். இலக்கம் ஏறுமுகமாகவே போவதால் எது எதற்குப் பின் எழுதப்பட்டது என்பது தெரிந்தது.

காப்புப்பிரதி பற்றி ஒரு வரி: எல்க்கில் தரவுத்தளத்தை மட்டும் எடுத்தால் போதாது, கோப்பு அடைவையும் அதே நேரத்தில் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் தலைப்பு இருக்கும் படம் இருக்காது.

இப்போது கையில் இருக்கும் கேள்வி, படித்து முடித்துப் போகிறவர்களை என்ன செய்வது என்பது. எல்க்கில் ஒரு பயனரை அழித்தால் அவர் எழுதியது, ஏற்றியது எல்லாம் சேர்ந்து அழியும். நாலாம் வருடத்தில் ஒரு பிள்ளை எழுதிய விளக்கங்களைத்தான் ஜூனியர்கள் அதிகம் தேடி வாசிக்கிறார்கள். அவளுடைய கணக்கை அழித்தால் அந்தப் பக்கங்களும் போகும். அழிக்காமல் வைத்தால், வேலைக்குப் போன பிறகும் மாணவப் பருவத்தில் எழுதிய ஒவ்வொன்றும் பெயரோடு இங்கே கிடக்கும். எங்கள் தீர்மானம் இப்படி: குப்பி வட்டத்துக்குள் நின்றவை பட்டமளிப்போடு அழியும். துறை முழுவதற்கும் அகட்டியவற்றின் உரிமை பட்ச்சின் பெயரில் உள்ள பொதுக் கணக்குக்கு மாறும்; எழுதியவர் விரும்பினால் மட்டும் அவர் பெயர் நிற்கும். பட்ச்சுக்குள் மட்டும் இருந்தவை ஒரு வருடம் வாசிக்க மட்டும் திறந்திருந்து பிறகு போகும்.

இதற்கான நிரல் பாதி எழுதியாகிவிட்டது. உரிமை மாற்றும்போது கோப்புகள் பழைய பயனரின் அடைவிலேயே தங்கிவிடுவதால் அவற்றையும் நகர்த்த வேண்டியிருக்கிறது. அந்தப் பகுதிதான் மிச்சம். கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கும் நண்பர் ஒருவர் தங்கள் பக்கமும் நிறுவித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார். அனுமதியை அகட்டும் பக்கத்தின் நிரலையும் தமிழ்த் திருத்தங்களையும் தனி நீட்சியாகப் பிரித்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். அடுத்த பட்ச் பதிவுக்கு வருமுன் இரண்டும் முடிய வேண்டும்.